மாண்டிசோரி அம்மையார்: சிந்திக்கும் குழந்தைக்காக ஒரு வாழ்வு

தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்னும் சொல்லைக் காணலாம். அச்சொல் ஒரு பெண்மணியின் பெயர் என்பதையும், அவர் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானல் மலையிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. பலகையில் பெயர் நிலைத்த அளவுக்கு வகுப்பறையில் அவர் கொள்கை நிலைத்ததா என்பது வேறு வினா. சொன்னதைச் சொன்னபடியே ஒப்பிக்கும் பிள்ளையைக் கெட்டிக்காரப் பிள்ளை என்று மெச்சும் வழக்கம் உலகெங்கும் உண்டு. மூன்று வயதுக் குழந்தையால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டு நோக்க முடியும், தான் செய்த பிழையைத் தானே கண்டு திருத்த முடியும், தனக்கு வேண்டிய வேலையைத் தானே தேர்ந்தெடுக்க முடியும் என்பதை நடைமுறையில் காட்டி, அவ்வழக்கத்தை அசைத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று.

இளமையும் கல்வியும்

இத்தாலி நாட்டில், அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மரியா பிறந்தார். ரோம் நகரம் இத்தாலியோடு இணைந்து நாடு முழுமை பெற்றதும் அதே ஆண்டில்தான். தந்தை அலெஸ்ஸாண்ட்ரோ அரசின் நிதித் துறையில் அலுவலர். பழைய ஒழுங்குகளில் நம்பிக்கை மிக்கவர். தாய் ரெனில்தே நூல்களைக் காதலித்தவர். மகள் விரும்பிய துறையில் முன்னேற வேண்டுமென்று துணை நின்றவர். 1875இல் குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது.

பெண் கல்வி என்றால் ஆசிரியப் பயிற்சி என்று கொண்டிருந்த காலத்தில், பதின்மூன்றாம் வயதில் மரியா தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பொறியியல் பயில வேண்டும் என்பது அன்றைய விருப்பம். பின்னர் அது மருத்துவத்தின்பால் திரும்பியது. வருங்காலத்தில் உலகின் புகழ்மிக்க ஆசிரியை ஆகப்போகும் அப்பெண், ஆசிரியை ஆவதைத் தவிர வேறு எதற்கும் ஆயத்தமாக இருந்தார் என்பது வரலாற்றின் வேடிக்கை. 1890இல் ரோம் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்று, அதன் வழியே மருத்துவ வகுப்பில் நுழைந்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பெண்ணொருத்தி பிணத்தை அறுத்துக் கற்பது தகாது என்று கருதப்பட்டதால், மற்றவர்கள் சென்ற பின் மாலை வேளையில் தனியே இருந்து அப்பயிற்சியைச் செய்ய வேண்டியதாயிற்று. இருளும் பிணவாடையும் சூழ்ந்த அந்த அறையில், தன் கண்ணால் கண்டதையே நம்பும் பழக்கம் அவரிடம் உறுதிப்பட்டது. 1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்களுள் அவர் ஒருவர். அதே ஆண்டில் பெர்லினில் கூடிய பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் கலந்துகொண்டு, உழைக்கும் பெண்களின் ஊதிய உரிமைக்காகப் பேசினார்.

மருத்துவமனையில் எழுந்த வினா

பட்டம் பெற்றதும் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணி கிடைத்தது. அதன் பொருட்டு ரோம் நகரத்து மனநோய் விடுதிகளுக்குச் சென்று வந்தார். அங்கே மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகள், பெரியோர்களோடு ஒரே கூரையின்கீழ் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் கண்ணுக்குப் பார்க்கவும் கைக்குப் பற்றவும் எதுவுமில்லை. உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைத் தேடி எடுக்கின்றனர் என்று காவற்பெண் ஒருத்தி அருவருப்போடு சொன்னாளாம். அறை முழுதும் வெறுமையாயிருக்க, கை தொட்டு அறிவதற்கு அத்துணுக்குகளையன்றி வேறொன்றும் இல்லை என்பதை இளம் மருத்துவர் கண்டார். அது வயிற்றின் பசியன்று என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

விடை தேடிப் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவரின் நூல்களை நாடினார். காட்டில் கண்டெடுக்கப்பட்ட சிறுவனைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்த இட்டார் ஒருவர். அவர் வழி நின்று மனவளர்ச்சி குன்றியோர்க்குக் கல்விமுறை வகுத்த செகின் மற்றவர். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நின்று உணர வேண்டும் என்பதற்காகவே அவ்விருவர் நூல்களையும் இத்தாலிய மொழியில் தம் கைப்படப் பெயர்த்தெழுதினார். 1900இல் ரோமில் இத்தகைய குழந்தைகளுக்கென ஒரு பயிற்சி நிலையம் தோன்றியபோது, அதன் இயக்குநர் இருவருள் ஒருவரானார். பகலெல்லாம் குழந்தைகளோடு இருந்து கற்பித்தார். இரவில் தம் குறிப்புகளை ஒழுங்கு செய்தார். அக்குழந்தைகளுள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, பொதுப் பள்ளிப் பிள்ளைகளுக்குரிய தேர்வில் தேறினர். நகரமே வியந்தது.

அம்மையாரை ஆட்கொண்டது வேறொரு வியப்பு. குறையுடைய குழந்தைகள் இவ்வளவு எட்ட முடியுமாயின், உடலும் உள்ளமும் நலமாக உள்ள குழந்தைகள் அதே மட்டத்தில் நின்றுவிடுவானேன்? அவர்களைத் தடுத்து நிறுத்துவது எது? இவ்வினாவே அவர் பிற்கால வாழ்வு முழுவதையும் நடத்திச் சென்றது.

மறைந்திருந்த தாய்மை

அந்நிலையத்தை 1901இல் அம்மையார் விட்டு விலகினார். உடன் பணிபுரிந்த மருத்துவர் மொன்டெஸானோவுக்கும் அவருக்கும் 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ஒரு மகன் பிறந்திருந்தான். இருவரும் மணம் செய்து கொள்ளவில்லை. மணமாகாத தாய் என்று வெளிப்பட்டால் அன்றைய சமூகத்தில் அவர் பணி அன்றே முடிந்திருக்கும். மரியோ என்று பெயர் பெற்ற அக்குழந்தை நாட்டுப்புறத்துச் செவிலித்தாய் ஒருத்தியிடம் வளர்ந்தது. 1901இல் மொன்டெஸானோ வேறொரு பெண்ணை மணந்தார்.

உலகக் குழந்தைகளுக்காக வாழ்ந்தவர் தம் குழந்தையை மடியில் வைத்து வளர்க்கவில்லை. மகனைக் காண அவ்வப்போது சென்றார். தாம் யாரென்று சொல்லவில்லை. தம் தாயார் 1912இல் மறைந்த பின்னரே, ஏறத்தாழப் பதினைந்து வயதான மரியோவைத் தம்மோடு அழைத்துக் கொண்டார். அதன் பின்னும் நெடுங்காலம் உடன்பிறந்தார் மகன் என்றே வெளியுலகுக்கு அறிமுகம் செய்யப்பட்டான். ஆயினும் அன்று தொட்டுத் தாயின் இறுதி மூச்சு வரை அவரை விட்டுப் பிரியாத துணையாக இருந்தவர் மரியோவே.

குழந்தைகள் இல்லம்

ரோம் நகரின் சான் லோரென்ஸோ பகுதி அந்நாளில் வறுமையின் உறைவிடம். கட்டுமானத் தொழில் வீழ்ந்தபோது பாதியில் நின்ற கட்டடங்களில் ஏழைகள் குடியேறினர். பின்னர் ஒரு நிறுவனம் அவற்றை வாங்கிச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றதும், பள்ளி வயது எட்டாத சிறுவர்கள் படிக்கட்டுகளில் திரிந்து சுவர்களைப் பாழாக்கினர். சுவரைக் காக்க வழி தேடிய உரிமையாளர்கள், அச்சிறுவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அம்மையாரிடம் தந்தனர். இவ்வாறு சுவருக்குச் செய்த காவலே கல்வி வரலாற்றில் ஒரு புதிய வாயிலைத் திறந்தது.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் குழந்தைகள் இல்லம் என்னும் பெயரால் அது தொடங்கியது. ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள். மூன்று வயது முதல் ஆறு வயது வரை. அழுகையும் அச்சமும் நிறைந்த முகங்கள். ஆசிரியப் பயிற்சி பெறாத ஓர் எளிய பெண்மணியே அவர்களைக் கவனிக்க அமர்த்தப்பட்டார். இதனைச் செய், அதனைச் செய்யாதே என்று ஏவும் பழக்கம் அவரிடம் படிந்திராதது நன்மையாகவே முடிந்தது. அம்மையார் தாம் முன்பு உருவாக்கிய கல்விப் பொருள்களை அங்கே வைத்தார். பின் ஒதுங்கி நின்று கவனித்தார்.

கவனித்தவர் கண்டவை பல. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்தும் வேலையில் ஆழ்ந்திருந்தாள். அவள் அமர்ந்திருந்த சிறு நாற்காலியை அப்படியே தூக்கி மேசைமேல் வைத்தபோதும், சுற்றிலும் மற்றக் குழந்தைகளைப் பாடச் செய்தபோதும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்பது முறைக்கு மேல் அதே வேலையைச் செய்து முடித்து, உறக்கம் தெளிந்தவள் போல மலர்ந்த முகத்தோடு எழுந்தாள். குழந்தைக்குக் கவனம் நிலைக்காது என்பது பெரியோரின் கட்டுக்கதை என்று அம்மையார் அன்று தெளிந்தார்.

மற்றொரு நாள் பொருள்கள் இருந்த நிலைப்பெட்டியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டார். குழந்தைகள் தாமே திறந்து, வேண்டியதை எடுத்துச் சென்று வேலையில் ஈடுபட்டிருந்தனர். ஆசிரியை அதனைத் திருட்டென்று எண்ணினார். அம்மையார் அதனைத் தேர்வு என்று கண்டார். அதன் பின் உயரமான பெட்டிகளுக்கு மாற்றாகக் குழந்தையின் கைக்கெட்டும் தாழ்வான திறந்த தட்டுகள் வந்தன.

நன்னடத்தைக்காகப் பதக்கம் பெற்ற சிறுவன் ஒருவன் தன் வேலையில் மும்முரமாக அங்குமிங்கும் நடந்தபோது பதக்கம் கீழே விழுந்தது. தண்டனையாகத் தனியே உட்கார்த்தப்பட்டிருந்த மற்றொரு சிறுவன் அதனை எடுத்து, தான் அணியலாமா என்று கேட்டான். உரியவனோ சிறிதும் பொருட்படுத்தாமல் இசைந்தான். பரிசும் தண்டனையும் அந்த அறையை விட்டு நீங்கின. பிறர் மெச்சுவதற்காகவோ பிறர் கடிவதற்கு அஞ்சியோ செய்யும் வேலையில் மனம் தன் வழியே சிந்திப்பதில்லை என்பது அம்மையாரின் முடிவு.

எழுத்து வந்த கதை இன்னும் சுவையானது. உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தடவி, அவற்றின் ஒலியைச் சொல்லிப் பழகியிருந்தனர். வெயில் காய்ந்த ஒரு டிசம்பர் நாளில் மொட்டை மாடியில், புகைபோக்கியைப் படமாக வரையுமாறு ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் அம்மையார் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். அவன் வரைந்தான், பின் திடீரென்று தனக்கு எழுத வருகிறதென்று கூவி, தரையில் கை என்று எழுதினான், புகைபோக்கி என்று எழுதினான், கூரை என்று எழுதினான். மற்றக் குழந்தைகளும் சுண்ணக்கட்டி கேட்டுச் சூழ்ந்துகொண்டனர். எழுதக் கற்பிக்கப்படாத பிள்ளைகள் எழுதிய அச்செய்தி ரோமைக் கடந்து பரவியது.

பிழையை உணர்த்தும் பொருள்

குழந்தையிடம் ஆய்ந்தறியும் திறன் எவ்வாறு வளர்கிறது என்பதற்கு அம்மையார் அறிவுரை எழுதி வைக்கவில்லை. பொருள்களைச் செய்து வைத்தார். அவற்றின் அமைப்பை நோக்கினால் அவர் கருத்து விளங்கும்.

முன்சொன்ன உருளைக் கட்டையையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கட்டையில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒவ்வோர் உருளையும் ஒரு குழிக்கே சரியாகப் பொருந்தும். சிறிய உருளையைப் பெரிய குழியில் இட்டால் அது உள்ளே விழுந்துவிடும். அப்போது பிழை தெரியாது. இறுதியில் ஓர் உருளை மிஞ்சும். எஞ்சிய குழியோ அதற்கு இடம் தராது. எங்கோ தவறிவிட்டது என்பதைக் குழந்தைக்குச் சொல்ல ஆள் வேண்டுவதில்லை. அது தயங்குகிறது; திரும்பிப் பார்க்கிறது; ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிடுகிறது; தவறிய இடத்தைக் கண்டு மாற்றுகிறது. ஐயுறுதல், ஒப்பிடுதல், காரணம் தேடுதல், முடிவைச் சோதித்தல் ஆகிய நான்கும் அந்தச் சிறு கையில் நடந்து முடிகின்றன. ஆராய்ச்சியாளரின் வேலையும் இதுவே.

ஒரு நேரத்தில் ஒரே பண்பை வேறுபடுத்திக் காட்டுவது மற்றொரு நெறி. ஒரு செண்டிமீட்டர் முதல் பத்து செண்டிமீட்டர் வரை பக்க அளவுள்ள பத்துக் கனச்சதுரங்களைக் கொண்டு குழந்தை கோபுரம் அடுக்குகிறது. அவை அனைத்துக்கும் நிறம் ஒன்றே, வடிவம் ஒன்றே. அளவு மட்டுமே வேறு. நிறத்தைக் கற்பிக்கும் பலகைகளிலோ அளவு மாறாது, நிறம் மட்டுமே மாறும். இதனால் குழந்தையின் கவனம் சிதறாமல் வேறுபாட்டின் மீதே நிற்கிறது. பொருள்களுள் எது எதனின் வேறானது, எந்த வகையில் வேறானது என்று பிரித்தறியும் ஆற்றல் புலன்களின் வழியே மனத்தில் ஒழுங்காகப் படிகிறது. சொல் அதன் பின்னரே வருகிறது. தடித்தது, மெல்லியது என்னும் சொற்களைக் கேட்கும்போது குழந்தை தன் விரல் அறிந்த ஒன்றுக்குப் பெயர் பெறுகிறது. பொருளறியாத சொல்லை மனனம் செய்யும் துன்பம் அதற்கில்லை.

வகுப்பில் ஒவ்வொரு பொருளும் ஒன்றே இருந்தது. ஒரு குழந்தை அதனைக் கையாளும்போது மற்றது காத்திருக்க வேண்டும். தன் விருப்பத்துக்கும் பிறர் உரிமைக்கும் இடையே எல்லை காண்பது இவ்வாறு பழக்கமாயிற்று. விரும்பியதைச் செய்யலாம், பிறர்க்கு ஊறு செய்யலாகாது. சிறியவரும் மூத்தவரும் ஒரே அறையில் கலந்திருந்ததால், ஆசிரியையைக் கேட்குமுன் ஒருவரையொருவர் கேட்டனர். ஆசிரியைக்கு அம்மையார் இட்ட பணி கடினமானது: முறையை ஒருமுறை சுருக்கமாகக் காட்டிவிட்டு விலகி இருத்தல், குழந்தை தடுமாறும்போது கை நீட்டாதிருத்தல். திருத்த விரையும் பெரியவர், குழந்தை சிந்திக்கத் தொடங்கிய நொடியிலேயே அச்சிந்தனையை அதனிடமிருந்து பறித்துக்கொள்கிறார் என்று அவர் கருதினார்.

கற்பனை பற்றிய கருத்து

கவிதை நெஞ்சமுடையார்க்கு அம்மையாரோடு வழக்கு உண்டாவது ஓரிடத்தில். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகள் சொல்வதை அவர் விரும்பவில்லை. உண்மை எது, புனைவு எது என்று பிரித்தறிய இயலாத வயதில், பெரியோர் தாம் நம்பாதவற்றைக் குழந்தையை நம்பச் செய்கின்றனர் என்றார். குழந்தை எதையும் நம்பிவிடுவதைக் கற்பனைத் திறன் என்று மயங்கலாகாது என்பது அவர் வாதம். அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பாட்ரிக் 1914இல் எழுதிய நூலில், அம்மையாரின் கல்விப் பொருள்கள் மிகக் குறுகியவை என்றும், கற்பனைக்கும் தன்வெளிப்பாட்டுக்கும் அவற்றில் போதிய இடமில்லை என்றும் குறை கண்டார். அத்திறனாய்வால் அமெரிக்காவில் அம்மையாரின் செல்வாக்குப் பெரிதும் குன்றியது.

பாட்டி மடியில் கதை கேட்டு வளர்ந்த எந்த நாட்டாரும் கில்பாட்ரிக்கின் பக்கம் சாய்வது இயல்பே. கதையைக் கதையென்றே அறிந்து மகிழும் குழந்தையின் நுண்ணறிவை அம்மையார் குறைத்து மதிப்பிட்டார் என்றும் கூறலாம். ஆயினும் அவர் கூற்றில் தள்ள முடியாத பகுதியும் உண்டு. இலையின் விளிம்பைத் தடவிப் பார்த்தவனுக்கே இலையைப் பற்றிய உவமை பிறக்கும். புலன்கள் கூர்மையடையாத இடத்தில் கற்பனை, கேட்ட சொற்களையே திரும்பப் பின்னிக்கொண்டிருக்கும். கற்பனையை அவர் மறுக்கவில்லை. அதற்கு மெய்ம்மையை அடித்தளமாக்க விரும்பினார்.

புகழும் அதன் சோதனையும்

1909இல் வெளிவந்த அவர் முதற் பெருநூல் விரைவில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913இல் அமெரிக்கா சென்றபோது நியூயார்க்கின் கார்னகி மன்றம் நிரம்பி வழிந்தது. தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லும் அவர் மனைவியும் ஆதரவாளராயினர். 1915இல் சான்பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர்களுக்குள் ஒரு வகுப்பு நடந்தது. வெளியே நின்ற கூட்டத்தைக் குழந்தைகள் பொருட்படுத்தவில்லை. தம்மிடம் பயின்றவரே தம் முறையைக் கற்பிக்க வேண்டும் என்று அம்மையார் வற்புறுத்தியது சிலரை விலகச் செய்ததும் இக்காலத்தில்தான். பின்னர் ஸ்பெயினின் பார்சிலோனா நகரை உறைவிடமாக்கிக் கொண்டார்.

அவர் வாழ்வில் மறைத்தற்கியலாத ஒரு பகுதி உண்டு. 1924இல் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியைச் சந்தித்தார். அரசின் ஆதரவோடு அவர் பெயரால் ஒரு தேசியக் கழகம் தோன்றியது; பள்ளிகள் பெருகின. சிறு வயதிலேயே எழுதப் படிக்கவும் ஒழுங்காக நடக்கவும் பிள்ளைகளைப் பழக்கும் முறை என்ற அளவில் முசோலினி அதனை விரும்பினார். தாம் பிறந்த மண்ணில் தம் பணி வேர்விடும் என்ற ஆசையால் அம்மையார் அக்கையைப் பற்றினார். பிறர் சொல்லைச் சோதித்து ஏற்கக் குழந்தைகளைப் பழக்கியவர், ஒரு கொடுங்கோலனின் நோக்கத்தைச் சோதிக்கத் தவறினார் என்றே சொல்ல வேண்டும்.

பொருந்தாக் கூட்டு நெடுநாள் நீடிக்கவில்லை. அணிவகுத்து நிற்கும் சீருடைச் சிறுவர்களும் ஆட்சிக்கு உறுதிமொழி கூறும் ஆசிரியர்களும் அரசுக்கு வேண்டியிருந்தனர். தானே முடிவெடுக்கப் பழகிய குழந்தையோ அரசுக்கு வேண்டியதாயில்லை. அம்மையார் உலக அமைதியைப் பற்றி 1932இல் ஜெனீவாவில் பேசினார். 1933இல் தம் பெயர் தாங்கிய கழகத்திலிருந்தே விலகினார். 1934ஐ அடுத்து இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அதே கதியாயிற்று. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூள, பார்சிலோனாவையும் விட்டு வெளியேறி நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார். நாற்காலிகளும் மரக்கட்டைகளும் கொண்ட மழலை வகுப்பைக் கண்டு அரசுகள் அஞ்சியது, அவர் முறையின் உள்ளாற்றலுக்குக் கிடைத்த சான்றாகவே அமைந்தது.

அடையாறும் கொடைக்கானலும்

1931இல் காந்தியடிகள் லண்டனில் அம்மையாரைச் சந்தித்தார். அவருடைய பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அன்றி வறியவர் பிள்ளைகளுக்கும் இக்கல்வி கிட்ட வேண்டும் என்பது அவர் தெரிவித்த விருப்பம். எட்டு ஆண்டுகளின் பின், பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல், அவர் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939இல் அம்மையாரும் மரியோவும் சென்னை வந்தனர். அடையாற்றில் ஓலை வேய்ந்த கொட்டகைகளில் பயிற்சி வகுப்புத் தொடங்கியது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

சில திங்கள் தங்கித் திரும்புவதே திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகை நாட்டாராயினர். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றுத் தோட்டத்தை விட்டு வெளியே செல்லத் தடை ஏற்பட்டது. எழுபதாம் வயதை எட்டும் தாய் மீண்டும் மகனைப் பிரிந்தார். அவர் பிறந்தநாளான ஆகஸ்டு 31ஐ ஒட்டி வைஸ்ராய் மரியோவை விடுவித்தார். அச்செய்தியில் மரியோ அவர் மகன் என்றே குறிக்கப்பட்டதாக வாழ்க்கை வரலாறுகள் கூறும். நாற்பத்திரண்டு ஆண்டுகள் மறைந்திருந்த உறவு, அயல் மண்ணில், காவலுக்கு நடுவே வெளிப்படையாயிற்று.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் வாழ்ந்தனர். அங்கே பல வயதுக் குழந்தைகள் அவர்களிடம் பயின்றனர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன என்னும் ஆசிரியை துணை நின்றார். மலைச்சரிவும் ஓடையும் செடிகொடியும் பூச்சியும் பாடப்பொருளாயின. ஆறு வயதைக் கடந்த குழந்தை, இது என்ன என்று கேட்பதோடு நில்லாமல் இது ஏன், இது எவ்வாறு என்று கேட்கத் தொடங்குகிறது. அவ்வினாக்களுக்கு உரிய கல்வியாக, அண்டம் தழுவிய கல்வி என்று அவர் பெயரிட்ட கருத்து இம்மலையில்தான் வளர்ந்து உருப்பெற்றது. அண்டத்தின் தோற்றம், உயிர்களின் வரவு, மனிதனின் வருகை ஆகியவற்றை ஒரு பெருங்கதையாகக் குழந்தைக்குச் சொல்ல வேண்டும். கதை முழு விடையாக முடியாமல், மேலும் வினவத் தூண்ட வேண்டும். மீனும் மரமும் மழையும் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் உறவைக் குழந்தை தானே தேடிக் கண்டுகொள்ள வேண்டும். தேவதைக் கதைகளை விலக்கியவர், முதுமையில், தமிழ்நாட்டு மலையொன்றில் அமர்ந்து கதையின் துணையை நாடினார். மெய்ம்மையிலேயே வியப்பதற்கு அளவில்லாக் கதை உண்டு என்பது அவர் கண்ட முடிவு.

அம்மையாரிடம் இந்தியாவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். 1944இல் இலங்கையிலும் வகுப்பு நடத்தினார். பிறந்தது முதல் குழந்தையின் மனம் சூழலை உறிஞ்சி வளரும் விதத்தை விளக்கும் அவருடைய புகழ்பெற்ற நூல், அவர் உரைகளிலிருந்து தொகுக்கப்பட்டு 1949இல் அடையாற்றிலேயே முதலில் வெளிவந்தது.

இறுதி நாட்கள்

1946இல் ஐரோப்பா திரும்பிய அம்மையார், மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து பணியாற்றினார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தின் கடற்கரை ஊராகிய நூர்ட்விக்கில், தம் எண்பத்தோராம் வயதில் மறைந்தார். ஆப்பிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது குறித்து அன்றுகூட மகனோடு பேசிக்கொண்டிருந்தார் என்பர். அவ்வூரிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஒருகாலத்தில் அவர் பள்ளிகளை மூடிய இத்தாலி, 1990இல் வெளியிட்ட ஆயிரம் லிரா தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது.

அம்மையார் விட்டுச் சென்ற பணி இரு வகையில் முற்றுப்பெறாமல் நிற்கிறது. சான் லோரென்ஸோவின் ஏழைப் பிள்ளைகளிடையே பிறந்த கல்வி, பல நாடுகளில் பொருள் படைத்தோர் வாங்கும் கல்வியாகிவிட்டது. காந்தியடிகளின் விருப்பம் இன்னும் விருப்பமாகவே உள்ளது. கல்விப் பொருள்களை விலை கொடுத்து வாங்கலாம். விலகி நின்று காத்திருக்கும் பொறுமையை வாங்க இயலாது என்பது இரண்டாவது. பின்னதற்குச் செல்வம் வேண்டுவதில்லை. புளியங்கொட்டையை எண்ணி அடுக்கும் பிள்ளை தவறும்போது, அருகிலுள்ளவர் வாய் திறவாது ஒரு நொடி பொறுத்திருந்தால் போதும். பிள்ளை நிறுத்தும், அடுக்கியதைத் திரும்பப் பார்க்கும், கலைத்து மீண்டும் எண்ணும். அந்த ஒரு நொடியைக் குழந்தைகளுக்குப் பெற்றுத் தருவதற்காகவே மரியா மாண்டிசோரி அம்மையார் நாடு நாடாகச் சென்றார்.